வாய் எட்டு அங்குலம், ஆடி ஆறு அங்குலம்: தொலைகாட்டி வாங்க நிக்கிறவை ஒருக்கா வாசியுங்கோ

ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் ரூபா. நாலு பேர், ஆளுக்கு 34,500. பற்றுச்சீட்டு இல்லை, வந்த சாமான் பிழை, வித்தவர் இப்ப போன் எடுக்கிறதும் இல்லை. முந்தநாள் இரவு அனுப்பின கடைசி மெசேஜுக்கும் நீலச் சரி விழுந்தது, மறுமொழி இல்லை. கோபம் ஆற முதல் எழுதிப் போடுறம். ஆறினால் எழுத மாட்டம்.

பேர் போடேல்லை. கொழும்புப் பக்கம் இருந்து சமூக வலைப் பக்கம் ஒண்டில இறக்குமதி விஞ்ஞானச் சாமான் விக்கிற ஆள், அவ்வளவுதான். சாமானைப் பற்றி மட்டும் முழுக்கச் சொல்லுறம், ஏனெண்டால் இதே சாமான் வேற வேற பேரில சுத்துது.

விளம்பரத்தில கிடந்தது இது: "8 அங்குலம், 203/1400, பரவளைவு ஆடி, 1050 மடங்கு." (203 ஆடியின்ர விட்டம், 1400 குவியத்தூரம், இரண்டும் மி.மீ.) அந்த 1050ஐக் கண்டோடனயே எழும்பிப் போயிருக்க வேணும். 1400ஐப் பெட்டியோட வாற 4 மி.மீ. பார்வைத்துண்டால பிரிச்சால் 350. அதைப் பிளாஸ்ரிக் மூண்டு மடங்கு பார்லோவால (உருப்பெருக்கத்தைக் கூட்டிற வில்லை) பெருக்கினால் 1050. கணக்குச் சரி, காட்சி வராது. ஆடி விட்டத்தில ஒரு மில்லிமீற்றருக்கு 2 மடங்கு எண்டதுதான் நடைமுறை எல்லை. 203 எண்டால் 400 சொச்சம், அதுவும் காற்று அசையாத இரவில. விளம்பரம் போடுற எல்லாரும் செய்யிற வேலைதானே எண்டு அதை விட்டம்.

ஏன் எட்டு அங்குலம் எண்டு கேக்கிறவைக்கு: கையில இருக்கிறது 114 மி.மீ. அதில இருந்து 203க்குப் போனால் ஒளி மூண்டு மடங்குக்கு மேல கூடும் (203ஐ 114ஆல பிரிச்சு வர்க்கிச்சுப் பாருங்கோ, 3.17). ஒமேகா சென்ரோரி எண்ட பெரிய நட்சத்திரக் கொத்து எங்கட யாழ்ப்பாணத்துத் தெற்கு வானத்தில 33 பாகை உயரத்துக்கு ஏறும். லண்டனிலயும் ரொறன்ரோவிலயும் இருக்கிற சொந்தக்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலயே வராது. 114இல அது மங்கின பஞ்சு. 203இல கறுப்புச் சீலையில உப்புத் தூவினமாதிரி விளிம்பு வரைக்கும் நட்சத்திரம் பிரியும். அதுக்குத்தான் அந்த 1,38,000.

நம்பின இடம் எதெண்டால், வீடியோக் கோல். பின்னால ஒரு பச்சைக் கதவு, முன்னால மேசையில குழாய். "தம்பியவை, நானும் வடமராட்சிதான், உங்களை ஏமாத்திப்போட்டு ஊருக்கு வரேலுமோ" எண்டு தொடங்கினவர். குழாய் வாய்க்குக் குறுக்க அளவு நாடாவை இழுத்துப் பிடிச்சு, "வடிவாப் பாருங்கோ, எட்டு" எண்டார். நாடா எட்டைத் தொட்டதுதான். நட்சத்திரத்தைத் தொடர்ந்து குழாயைத் திருப்பிற மோட்டார் 22,000 போட்டிருக்கே, அதையும் எடுப்பமோ எண்டு கேட்டதுக்கு, "ஐயோ வேண்டாம் தம்பி, உது வீண் செலவு, அந்தக் காசுக்கு நல்ல பார்வைத்துண்டு ஒண்டு எடுங்கோ" எண்டார். தன்ர வியாபாரத்தைத் தானே குறைக்கிற மனிசனை ஆர் சந்தேகப்படுவினம்? அண்டைக்கே 50,000 போட்டாச்சு. பார்சல் துண்டின்ர படம் வந்தோடன மிச்ச 88,000. கணக்கு கடைப் பேரில இல்லை, தனி ஆளின்ர பேரில. அதுவும் அப்ப உறுத்தேல்லை.

பெட்டி வந்தது. குழாயின்ர நீளம் 62 சென்ரிமீற்றர்.

நியூற்றன் வகைத் தொலைகாட்டியில ஒளி வாயால போய், அடியில உள்ள ஆடியில பட்டு, திரும்பி வாய்க்குக் கிட்ட உள்ள சின்னத் தளவாடியில தெறிச்சு பக்கத்தால வெளிய வரும். அதால குழாயின்ர நீளமும் குவியத்தூரமும் கிட்டத்தட்ட ஒண்டாத்தான் இருக்கும். 1400 மி.மீ. எழுதின குழாய் 62 சென்ரிமீற்றரில நிண்டால் உள்ளுக்க எங்கயோ ஒரு வில்லை ஒளிஞ்சு கிடக்கு எண்டு அர்த்தம். பார்வைத்துண்டைக் கழட்டிப்போட்டு குவியம் திருத்திற குழலுக்குள்ள ரோச் அடிச்சுப் பார்த்தால், அடியில வில்லை நிக்குது. பேர்ட்-ஜோன்ஸ் எண்டு சொல்லுற அமைப்பு. பரவளைவு ஆடி உரைக்கச் செலவு கூட எண்டு, மலிவான கோள ஆடி ஒண்டைப் போட்டு, இந்த வில்லையால குவியத்தூரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, கோளப் பிறழ்ச்சியையும் (ஆடியின்ர விளிம்பில படுற ஒளியும் நடுவில படுற ஒளியும் ஒரே இடத்தில குவியாத பிழை) அதாலயே திருத்தப் பாக்கிறது. நல்லாச் செய்தால் வேலை செய்யும். மலிவுச் சாமானில வில்லை ஒரு பக்கம், ஆடி ஒரு பக்கம், இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. பரவளைவு ஆடி எண்டு எழுதினது முதல் பொய்.

இரண்டாவது பொய் பெரிசு. குழாயின்ர பின்பக்க ஆணிகளைக் கழட்டி, ஆடியைத் தாங்கியோட வெளிய எடுத்து, முகத்தில தொடாமல் விளிம்போட அடிமட்டம் பிடிச்சம். 150 மி.மீ. எட்டு அங்குலம் எண்டு நாடா பிடிச்சுக் காட்டினது குழாயின்ர வெளி விட்டம். ஆறு அங்குல ஆடிக்கு எட்டு அங்குலச் சட்டை போட்டுவிட்டிருக்கு. 150 மி.மீ. ஆடி 203இன்ர ஒளியில 55 வீதம்தான் சேர்க்கும். ஒளிக்கணக்கில பார்த்தாலும் 1,38,000க்குத் தந்தது 75,900 பெறுமதி, அதுவும் ஆடி நல்ல ஆடியாய் இருந்தால்.

நல்ல ஆடியோ? மேகம் இல்லாத இரவு, ஒரியன் நட்சத்திரக் கூட்டம் உச்சியில. திருவாதிரைக்கு எதிர்மூலையில நிக்கிற ரைஜெலைப் பிடிச்சம். அதுக்கு 9.5 விகலை தள்ளி மங்கலான துணை ஒண்டு இருக்கு, நல்ல ஆறு அங்குலமே அமைதியான இரவில அதைப் பிரிச்சுக் காட்டும். இதில ரைஜெல் ஒரு மயிர்கொட்டி மாதிரி, துணை அந்த மயிருக்குள்ள. பிறகு கொஞ்சம் மங்கின நட்சத்திரம் ஒண்டை எடுத்து, குவியத்துக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே அளவுக்கு நகர்த்திப் பார்த்தம். இரண்டு பக்கமும் வட்டங்கள் ஒரேமாதிரி இருக்க வேணும். இதில உள்பக்கம் விளிம்பு மட்டும் பளிச்செண்ட வளையம், வெளிப்பக்கம் விளிம்பில்லாத பஞ்சு. கோளப் பிறழ்ச்சி எண்டதுக்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. வட்டம் கொஞ்சம் முக்கோணமாயும் இருந்தது. அது ஆடியைப் பிடிக்கிற மூண்டு கவ்வியையும் இறுக்கினதால, ஒரு தாள் நுழையிற அளவுக்கு இளக்கிவிடச் சரியாய்ப் போச்சு. அதுக்கு அவரைக் குறை சொல்லேல்லை. பஞ்சு மட்டும் போகேல்லை.

இனி அவர் சொன்ன சாட்டுகள். ஒவ்வொண்டிலயும் பாதி உண்மை இருக்கு, அதுதான் புதுசா வாங்கிறவையை மடக்கும்.

"குளிர விடுங்கோ தம்பி, ஆடி சூடாய் இருக்கும்." உண்மைதான், அறைச்சூட்டில இருந்து வெளிய வைச்ச ஆடி அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் தண்ணிக்குள்ளால பாக்கிறமாதிரி நெளியும். ஆனால் அது நெளிஞ்சு நெளிஞ்சு அடங்கும். இரண்டு மணித்தியாலம் கழிச்சும் அசையாமல் அதே பஞ்சு நிண்டால் அது சூடு இல்லை.

"யாழ்ப்பாணத்துக் காற்று ஈரம்." ஈரம் கண்ணாடியில பனியாய்ப் படியும், எல்லாத்தையும் ஒருமிக்க மங்கவைக்கும். உள்பக்கம் ஒருமாதிரி, வெளிப்பக்கம் ஒருமாதிரி காட்டாது. பக்கத்தில வைச்ச பழைய 114இல அதே நேரம் வியாழன்ர பட்டிகள் இரண்டும் கோடு கீறினமாதிரி நிண்டது.

"கொலிமேசன் செய்யத் தெரியாமல் கதைக்கிறியள்." கொலிமேசன் எண்டது ஆடி இரண்டையும் ஒரே நேருக்குக் கொண்டுவாற வேலை. இதுதான் கூடக் கொதிக்க வைச்சது. கொலிமேசன் பிழைச்சால் வளையங்கள் ஒரு பக்கம் ஒதுங்கும், நட்சத்திரம் வால் விடும். எங்கட வளையம் நடுவிலதான் நிண்டது. அதோட இந்த வகையில கொலிமேசன் செய்யிறதே பெரிய கரைச்சல். குழலுக்க உள்ள வில்லை லேசர்க் கதிரை விரிச்சுப்போடும், புள்ளி விழவேண்டிய இடத்தில பெரிய சிவப்புத் திட்டு விழும். முதலில வில்லையைக் கழட்டி, தளவாடியின்ர மூண்டு சின்ன ஆணியால ஆடியின்ர நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு பின்னால உள்ள மூண்டு ஸ்பிரிங் ஆணியைத் திருப்பி, திரும்ப வில்லையைப் பூட்ட வேணும். பூட்டேக்க வில்லை கொஞ்சம் சரிஞ்சால் எல்லாம் முதலில இருந்து. மூண்டு தரம் செய்து படம் எடுத்து அனுப்பினம்.

"பஸ்ஸில குலுங்கியிருக்கும், அது எங்கட பொறுப்பில்லை." குலுங்கினால் ஆடி அசையும். சுருங்காது.

ஆடி விட்டத்தின்ர படத்தை அடிமட்டத்தோட அனுப்பினோடன வந்தது கடைசி மறுமொழி: "விளம்பரத்தில 8 அங்குலம் எண்டுதானே போட்டது, ஆடி எண்டு போட்டதோ?" 203/1400 எண்டு எழுதினால் 203 ஆடியின்ர விட்டம் எண்டது உலகம் முழுக்க உள்ள வழக்கம் எண்டு எழுதினம். திருப்பி அனுப்பினால் 30 வீதம் கழிப்பமெண்டார். சரி, கழியுங்கோ, மிச்சத்தைத் தாங்கோ எண்டதுக்குப் பிறகுதான் நீலச் சரி மட்டும். "தம்பியவை" எண்டு வாய் நிறையக் கூப்பிட்ட மனிசன். ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம்.

தாங்கியைப் பற்றியும் சொல்லவேணும், கன பேர் இதில மாட்டுப்படுவினம். இதோட வந்தது மலிவான மத்தியகோட்டுத் தாங்கி, வானம் சுத்திற அச்சோட ஒத்துத் திரும்பிற வகை. அதின்ர முனைவு அச்சு எங்கட அகலாங்குக்கு, அதாவது 9.7 பாகைக்குச் சரிய வேணும், கிட்டத்தட்டப் படுக்கை. இப்பிடியான தாங்கி கனக்க அந்த அளவுக்கு இறங்க முதலே ஆணி இறுகி நிக்கும். இறங்கினாலும் எதிர்நிறைத் தண்டு வடக்குப் பக்கக் காலில இடிக்கும். முக்காலியின்ர ஒரு காலைத் தெற்குக்கும் மற்ற இரண்டையும் வடக்குப் பக்கம் அகட்டியும் வைச்சால் கொஞ்சம் தப்பலாம். துருவ நட்சத்திரத்தைப் பிடிச்சு நேராக்குவம் எண்டால் அது பனை வட்டுக்குக் கீழ நிக்குது. மோட்டார் வேண்டாமெண்டு அவர் சொன்னதில மட்டும் பொய் இல்லைப்போல. எங்கட ஊருக்கு மரப்பெட்டியில சுத்திற டொப்சோனியன் போதும்.

வாங்கிறதுக்கு முதல் என்னென்ன பாக்கவேணும் எண்டு முழுசா எழுதத்தான் தொடங்கினது. பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் போடுறம்:

குழாயை அளக்காதையுங்கோ, ஆடியை அளவுங்கோ. கழட்ட விடேல்லையெண்டால் 25 மி.மீ. பார்வைத்துண்டைப் போட்டு, பகல் வெளிச்ச வானத்துக்கு (சூரியன் பக்கம் தவறியும் திருப்பாதையுங்கோ) பிடிச்சு, ஒரு சாண் பின்னால நிண்டு பார்வைத்துண்டில தெரியிற வெளிச்சப் பொட்டை மி.மீ. அடிமட்டத்தால அளவுங்கோ. 1400க்கு 25 போட்டால் 56 மடங்கு. உண்மையான 203 எண்டால் பொட்டு 3.6 மி.மீ., 150 எண்டால் 2.7. கண்ணாலயே வித்தியாசம் தெரியும்.

குழாய் நீளமும் எழுதின குவியத்தூரமும் ஒத்துவராட்டில் தொடாதையுங்கோ. குழலுக்க வில்லை கண்டாலும் அதே. பழசு எண்டால் வில்லையில பூஞ்சணமும் ஆடி விளிம்பில உப்புக்காற்று தின்ன புள்ளியும் பாருங்கோ.

எட்டு அங்குலத்துக்குக் காசு காணாட்டில் ஆறு அங்குலம் 1200 மி.மீ. சாதாரண டொப்சோனியன் எடுங்கோ. நீளமான குழாய், முச்சக்கர வண்டிக்குள்ள வைக்கக் கரைச்சல், ஆனால் பார்க்கலாம்.

இரவில, நட்சத்திரத்தில பார்த்த பிறகுதான் காசு. தனி ஆளின்ர கணக்குக்குப் போடாதையுங்கோ. பற்றுச்சீட்டில "ஆடி விட்டம்" எண்ட சொல்லை எழுதி வாங்குங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர இலக்கம் 1977, நாங்கள் நாளைக்கு அடிக்கப்போறம்.

இண்டைக்குக் காலமை அதே படம் வேற பக்கத்தில 1,52,000 எண்டு கிடக்கு. பின்னால பச்சைக் கதவு, குழாய் வாய்க்குக் குறுக்க மஞ்சள் அளவு நாடா.