மிதந்து போகும் சென்சாரைக் கடலுக்குள் தேடுவது: ஒலி மோடத்தோடு சில ஆண்டுகள்

சிங்கப்பூரின் தென் தீவுகளை ஒட்டிய கடலில் சென்சார்களை நீரோட்டத்தோடு விட்டுவிட்டு, அவை போகும் வழியை ஒலி மோடம் (தண்ணீருக்குள் ஒலியால் செய்தி அனுப்பிப் பெறும் கருவி) வைத்துப் பின்தொடர்வது சில ஆண்டுகளாக எங்கள் வேலை. ஜிபிஎஸ் சிக்னல் தண்ணீருக்குள் இறங்காது, வேறு வழியில்லை. மேலே ஜிபிஎஸ் பொருத்திய மிதவைகள். அவற்றின் கீழே தொங்கும் மோடம் ஒலியில் கூப்பிடும், சென்சார் பதில் கொடுக்கும், போய்வந்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கும். சென்சாரின் ஆழத்தை அதிலுள்ள அழுத்தமானி சொல்லிவிடுவதால் மூன்று மிதவை போதும். மூன்றும் ஒரே கோட்டில் நின்றால் மட்டும் சென்சார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போகும்.

தூரம் அளப்பதில் மோடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் ஒலி வேகத்தைச் சரிபாருங்கள். எங்களுக்கு வந்ததில் வினாடிக்கு 1500 மீட்டர் என்று இருந்தது. இங்கே தண்ணீர் 30 டிகிரி வரை சூடாக இருக்கும், வேகம் 1540-ஐத் தொடும். அப்படியே விட்டால் 500 மீட்டரில் இருப்பது 487 என்று காட்டும்.

உண்மையான தலைவலி நேரம்தான். 500 மீட்டருக்கு ஒலி போய்வரவே முக்கால் வினாடிக்குக் கொஞ்சம் குறைவாகும். இங்கே கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடும் சின்ன இறால்கள் பாறையெங்கும் உண்டு. ஹைட்ரோபோனில் (தண்ணீருக்குள் கேட்கும் மைக்) கேட்டால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இருக்கும். அதற்கு மேல் கப்பல் இரைச்சல். பதில் வராமல் திரும்பக் கூப்பிட்டு, மூன்று மிதவையும் தூரம் சொல்லி முடிக்க 20 வினாடி ஆகிவிட்டால், 2 நாட் (வினாடிக்குச் சுமார் ஒரு மீட்டர்) ஓட்டத்தில் சென்சார் 20 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். கூடவே வந்த மென்பொருளோ மூன்றையும் ஒரே நொடியில் அளந்ததாக எடுத்துக்கொண்டு நடுவில் ஒரு புள்ளி வைக்கும். பார்க்க அழகாக இருக்கும், அந்த இடத்தில் சென்சார் இருக்காது. அதை ஓரங்கட்டிவிட்டு, ஒவ்வொரு தூரத்தையும் அது அளந்த நேரத்தோடு தனித்தனியாகக் கால்மன் ஃபில்டருக்குள் (ஒவ்வொரு அளவாக வர வர இடத்தையும் வேகத்தையும் திருத்திக்கொண்டே போகும் கணக்கு முறை) விட்ட பிறகுதான் பாதை நம்பும்படி வந்தது. இப்போது ஒரு மிதவை பதில் தராவிட்டாலும் ஓரளவு சமாளிக்கிறது.

கேபிளையும் கவனியுங்கள். 10 மீட்டர் கேபிள் ஓட்டத்தில் 30 டிகிரி சாய்ந்தால் கீழே மோடம் 5 மீட்டர் விலகி நிற்கும், ஜிபிஎஸ்ஸோ மேலே மிதவையின் இடத்தைத்தான் சொல்லும். கனமான எடை கட்டுவதோடு மோடத்தில் சாய்வுமானி இருந்தால் நல்லது. மோடத்தின் மேல் கொட்டலசு (கப்பலடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு உயிரி) ஒட்டினால் சிக்னல் மங்கும். மென்மையான பிரஷ் போதும், கத்தி வேண்டாம்.

நாலைந்து சென்சாருக்கு இந்த இருவழி முறை சரி. ஐம்பது என்றால் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முடியாது. மிதவைகள் மட்டும் ஒலி எழுப்ப, சென்சார்கள் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதே மேல், பேட்டரியும் நீடிக்கும். ஆனால் சென்சாரின் சொந்தக் கடிகாரத்தை வைத்துத் தூரம் கணக்கிடாதீர்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகும் குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு நாளில் 86 மில்லி வினாடி தவறும், அது 130 மீட்டர். மிதவைகளின் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை எடுத்தால் அந்தப் பிசகு கழிந்துவிடும்.

விலை பேசும் முன் விற்பவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: ஒவ்வொரு தூரமும் அளந்த நேரத்தோடு, கணக்குப் போடாத மூல வடிவில் கையில் கிடைக்குமா? வரைபடத்தில் புள்ளி மட்டும்தான் என்றால் அந்தக் கருவி எங்களுக்கு ஆகாது.