காரைக்குடியில் வாடகை ஆக்சிஜன் சிலிண்டர்: ஊசியை நம்பாத ஒரு கடை

விமானப் பராமரிப்பில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன் நான். வீட்டுக்கு வாடகைக்கு வந்த ஆக்சிஜன் சிலிண்டரையும் விமானி அறையின் ஆக்சிஜனைச் சோதித்த அதே கண்ணோடுதான் பார்க்க முடிகிறது. எங்கள் ஆத்தாவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் கொடுக்கும்படி மருத்துவர் எழுதித் தந்தார். கடந்த ஐந்து மாதங்களாகக் காரைக்குடி செக்காலைப் பக்கமுள்ள ஒரு சிறு கடையிலிருந்து எங்கள் கோட்டையூர் வீட்டுக்குச் சிலிண்டர் வருகிறது.

இதற்கு முன் வேறோர் இடத்தில் எடுத்திருந்தோம். அங்கிருந்து வந்தவர் ரெகுலேட்டரைப் பொருத்தி வால்வைத் திறந்தார்; அழுத்தமானியில் 150 பார் காட்டியதும் "ஃபுல்லா இருக்கு" என்று சொல்லி, வால்வை மூடிவிட்டுக் கிளம்பினார். மானியின் ஊசி மட்டும் 150-லேயே நின்றது. இரவில் குழாயை மாட்டிய சில நொடிகளில் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. நாங்கள் பார்த்தது ரெகுலேட்டருக்குள் அடைபட்டுக் கிடந்த அழுத்தத்தை மட்டுமே; வால்வைத் திறக்கும் சாவியோ அவருடைய பையோடு போய்விட்டது.

விமானத்திலும் இதே ஏமாற்று உண்டு. விமானிகளுக்கான ஆக்சிஜன் தனிச் சிலிண்டரில் இருக்கிறது. அதை மாற்றிய பின் வால்வைத் திறக்க மறந்தாலும், குழாயில் தங்கிய வாயு முகமூடியை ஒரு கணம் சோதிக்கும்போது சீறிக்கொண்டு வரும். ஆகவேதான் போயிங் 737-இல் புறப்படுமுன் முகமூடியின் சோதனைக் குமிழை 5 நொடி அழுத்திப் பிடித்து, மானியில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் குறையவில்லை என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வால்வு பாதி மட்டுமே திறந்திருந்தாலும் ஊசி இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். 35,000 அடியில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால் நிதானத்தோடு செயல்பட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான் கிடைக்கும் என்பதால், பழுது தரையிலேயே தெரிந்தாக வேண்டும்.

இந்தக் கடையிலிருந்து வரும் இளைஞர் விமானத்தைப் பற்றி எதுவும் அறிந்தவரல்லர். ஆனால் அதே சோதனையைத்தான் செய்கிறார். வால்வை மெல்லத் திறந்து, பின் முழுதாகத் திறந்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று காட்டும் ஃப்ளோமீட்டரை 5-இல் வைத்து ஒரு முழு நிமிடம் ஓடவிடுகிறார். "ஊசியை நம்பாதீங்க ஐயா, ஓடவிட்டுப் பாருங்க" என்றார் முதல் நாளே. பிறகு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்து, சிலிண்டரை வளவுத் (வீட்டின் உள்முற்றத்து) தூணோடு சேர்த்துக் கட்டி, சாவியைச் சங்கிலியில் மாட்டி அங்கேயே விட்டுப் போகிறார். கழுத்தில் பொறித்த சோதனைத் தேதியையும் கேட்காமலே காட்டுகிறார். 5 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை ஆகியிருக்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் அவர் காட்டும் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒருநாள் எண்ணெயில் கந்தரப்பம் சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி அப்படியே வந்து வால்வைத் தொடப் போனபோது, "ஆச்சி, கையைக் கழுவிட்டு வாங்க" என்று தடுத்துவிட்டார். உயரழுத்த ஆக்சிஜனில் எண்ணெய்ப் பிசுக்கே தீப்பற்றப் போதுமானது. எங்கள் பணிமனையிலும் இதற்காகவே தனிக் கருவிகள் வைத்திருந்தோம். 2011 ஜூலையில் கெய்ரோவில் தரையில் நின்ற போயிங் 777 ஒன்றின் விமானி அறை எரிந்தபோது, ஆக்சிஜன் ஊட்டிய தீ எவ்வளவு கடுமையானது என்று உலகம் பார்த்தது. வளவில் இருந்த குத்துவிளக்கை அன்றே இரண்டாம் கட்டுக்கு மாற்றிவிட்டோம்; ஆத்தாவுக்கு அதில் வருத்தம்தான்.

குறைகளும் இல்லாமலில்லை. முன்பணம் சற்று அதிகம். ரசீது கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். ஆக்சிஜனுக்கு ஈரமூட்டும் தண்ணீர்க் குப்பியைக் கழுவும் முறையை யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய குறை, எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டால் "ஒரு ராத்திரி தாங்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்வது. கணக்கு எளிது: 10 லிட்டர் கொள்ளளவுச் சிலிண்டரில் மானி 150 பார் காட்டினால் இரண்டையும் பெருக்கி ஏறத்தாழ 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். இதை ஓர் அட்டையில் எழுதி மாட்டினால் கடைக்கு என்ன செலவு? நானே எழுதித் தூணில் ஒட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வருவதில்லை. எடுக்க நினைப்பவர்கள் சனிக்கிழமை மதியத்துக்குள் சொல்லி, கூடுதலாக ஒரு சிலிண்டரை வாங்கி, அதையும் அவரை வைத்தே ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.