இதயம் துடிப்பதைப் பார்க்க: கோழி முட்டையா, சுண்டெலியா?

நாகர்கோவிலில் விலங்கியல் படிக்கும் தங்கை மகள் கேட்டாள்: "மாமா, கருவில் இதயம் உருவாவதைப் பார்க்க எது நல்லது?"

கண்ணால் பார்க்கத்தான் என்றால் முட்டை. அதுவும் தக்கலைப் பக்கம் வீடுகளில் சேவலோடு திரியும் நாட்டுக்கோழி முட்டை. கடையில் விற்கும் வெள்ளை முட்டை பொதுவாகச் சேவல் சேராதது, கரு வளராது. சுமார் 38 டிகிரி சூட்டில் வைத்து, மூன்றாம் நாள் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டினால் சிவப்பாக ஒன்று துடிக்கும். நடுவில் கரண்ட் போனால்தான் வயிற்றில் புளி கரைக்கும்.

சுண்டெலிக்குக் கர்ப்பம் சுமார் 20 நாள். எட்டாம் நாள்வாக்கில் இதயம் துடித்தாலும் அது தாயின் வயிற்றுக்குள். ஆனால் நம்மைப் போலப் பாலூட்டி, நஞ்சுக்கொடி உண்டு. குறிப்பிட்ட ஒரு மரபணுவை முடக்கி, எந்த உறுப்பு கெடுகிறது என்று பார்க்கலாம். இதற்கு வழிவகுத்த கப்பெக்கி, எவன்ஸ், ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் மனிதக் கரு தட்டையான வட்டு. கோழிக் கருவும் அப்படியே. எலியுடையதோ கிண்ணம்போல வளைந்தது. உறவு எலியோடு, சாயல் கோழியோடு!

சரி, கல்லூரி ஆய்வகத்துக்கு முட்டையே போதும் என்றேன். எலிக்கு நெறிமுறைக் குழு அனுமதி வாங்குவதற்குள் அவள் செமஸ்டர் முடிந்துவிடும்.