வெட்பாலை தைலம் – ஆறு மாசம் தேய்ச்சு பார்த்துட்டு சொல்றேன்

முழங்கைலயும் தலைலயும் சொரியாசிஸ் வந்து நாலு வருஷம் ஆச்சு, பக்கத்து நாட்டு மருந்து கடைல 100 மில்லி வெட்பாலை தைலம் வாங்கி ஆறு மாசமா தேய்க்கிறேன். இலைய தேங்காண்ணெய்ல போட்டு வெயில்ல வெச்சா கத்திரிப்பூ கலருக்கு மாறும்ல, அதுதான். செதில் நல்லா ஊறி உதிருது, அரிப்பும் குறைஞ்சிருக்கு, ஆனா ஒரே மண்டலத்துல முழுசா போயிடும்னு கடைக்காரர் அடிச்சு விட்டதெல்லாம் சும்மா, நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம தோல தாக்குற வியாதி இது, எண்ணெய்ல அடியோட போகாது. மூடி வேற லூசு, பைக்குள்ள கொட்டி ரெண்டு சட்டை காலி, தலகாணி உறை இன்னும் ஊதாவாத்தான் இருக்கு.

உண்மைய சொல்லணும்னா எனக்கு பெரிய மாற்றம் தெரிஞ்சது தண்ணியடிக்கிறத விட்டு எட்டு கிலோ குறைச்சப்புறம்தான், அதனால தைலத்துக்கு எவ்ளோ மார்க் போடறதுன்னே குழப்பமா இருக்கு. அப்பவும் மார்கழி குளிர்ல மறுபடி கிளம்புச்சு. டாக்டர் குடுத்த ஸ்டீராய்டு ஆயின்மென்ட்ட திடீர்னு நிறுத்திட்டு இதுக்கு தாவாதீங்க, நான் அப்படி பண்ணி ரெண்டு மடங்கா வந்துச்சு. குளிச்சு தொடச்சதும் ஈரம் காயறதுக்குள்ள தடவுங்க, பழைய பனியன் போட்டுக்குங்க. அஞ்சுக்கு மூணு.