வீல் சிலிண்டர் ஒழுகினால்: ரப்பர் கிட்டா, புது சிலிண்டரா?

மட் டயர், வின்ச் எல்லாம் பிறகு. டிரம் பிரேக் உள்ள பழைய ஜீப்புக்கு முதல் செலவு ஒழுகும் வீல் சிலிண்டர்தான். பிரேக் மிதித்ததும் ஆயில் அழுத்தத்தில் பிரேக் கட்டைகளை டிரம்மோடு அழுத்தும் சின்ன உருளை அது.

செலவு: கிட் (சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர்களின் செட்) மலிவு, சிலிண்டர் பல மடங்கு.

வேலை: கிட்டுக்கு பிஸ்டனைக் கழற்றி உட்சுவரை பிரேக் ஆயிலாலேயே கழுவணும். பெட்ரோல், டீசல் பட்டால் ரப்பர் உப்பிவிடும். சிலிண்டரையே மாற்றினால் துருப்பிடித்த பைப் நட்டு பைப்போடு முறுக்கிக்கொள்ளும். முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள்.

ஆயுள்: பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், உள்ளே துருக்குழி விழும். சுண்டுவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் குழியில் தட்டினால் புது ரப்பரின் விளிம்பும் சீக்கிரம் தேயும், கிட் வீண்.

சுவர் வழுவழுப்பா? கிட் போதும். குழி இருந்தாலோ, வண்டி அடிக்கடி ஆற்றில் இறங்கினாலோ புது சிலிண்டர்தான். எதுவானாலும் ஆயிலில் ஊறிய லைனிங்கை (டிரம்மில் உரசும் பட்டை) மாற்றியே ஆகணும். வேலையில் பைப்புக்குள் புகுந்த காற்றை, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) தூரமான சக்கரத்திலிருந்து எடுத்து வாருங்கள்.