வட்டத் தேற்றங்கள் மனத்தில் நிற்க எந்த வழி? வாசகம், செல்லப்பெயர், நிரூபணம், வரைபடம், அட்டை: ஓர் ஒப்பீட்டு அலசல்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 9, 10 வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் வட்டத்தைப் பற்றி ஒரு டஜன் தேற்றங்கள்தான் வரும். நாண், மையக்கோணம், வட்ட நாற்கரம் எல்லாம் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடும். தொடுகோடும் மாற்று வட்டத்துண்டுத் தேற்றமும் (தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணம், நாணுக்கு அப்பால் உள்ள துண்டில் அமையும் கோணத்துக்குச் சமம்) பத்தாம் வகுப்புக்கு உரியவை. டஜன் வாக்கியங்களை ஒப்பிப்பது யாருக்கும் பெரிய வேலை இல்லை. ஆனாலும் கணக்கில் தடுமாறுகிறார்கள். தேற்றம் தெரியாமல் தடுமாறுவது குறைவு, இந்தப் படத்தில் எந்தத் தேற்றம் ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல் தடுமாறுவதுதான் அதிகம். அதனால் ஒவ்வொரு முறையையும் கீழே உள்ள ஒரே கணக்கை வைத்து உரசிப் பார்க்கலாம்.

ம என்பது வட்டத்தின் மையம். க, ச இரண்டும் வட்டத்தின் மேல் உள்ள புள்ளிகள். ∠கமச = 140°. சிறிய வில்லின் மேல் ப என்ற புள்ளி இருக்கிறது. ∠கபச எவ்வளவு?

விடை 110°. வகுப்பில் கேட்டால் பாதிப்பேருக்கு மேல் 70° என்பார்கள். இன்னும் சிலர் க, ப, ச, ம என்ற நான்கு முனைகளைப் பார்த்ததும் ‘வட்ட நாற்கரம், எதிர்க்கோணங்களின் கூடுதல் 180°’ என்று 40° எழுதுவார்கள். ம வட்டத்தின் மேல் இல்லை, மையத்தில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் கண்ணில் படாது.

வாசக மனப்பாடம்

வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு மாலையில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடலாம். தேர்வில் காரணம் எழுதும்போது வாசகம் சுத்தமாக வரும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் வாசகத்தில் நாக்கில் நிற்பது முடிவு மட்டும்தான். ‘மையக்கோணம் இருமடங்கு’ (ஒரு வில் மையத்தில் தாங்கும் கோணம், அதே வில் வட்டத்தின் மேல் தாங்கும் கோணத்தைப் போல் இருமடங்கு) என்பது நிற்கும். ‘வட்டத்தின் மீதிப் பகுதியில் ஏதேனும் ஒரு புள்ளியில்’ என்ற நிபந்தனை ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். மேலே உள்ள கணக்கில் 70° வருவதற்குக் காரணமே அந்த உதிர்ந்த துண்டுதான்: ப இருக்கும் இடம் மீதிப் பகுதி அல்ல, 140° தாங்கும் அதே சிறிய வில்.

மறுதலைத் தேற்றங்களில், அதாவது முடிவையும் நிபந்தனையையும் இடம் மாற்றிச் சொல்லும் தேற்றங்களில், இந்தக் குறை இன்னும் மோசமாக வெளிப்படும். ஒரு கோட்டுத்துண்டு இரண்டு புள்ளிகளில் சம கோணம் தாங்கினால் நான்கு புள்ளிகளும் ஒரே வட்டத்தில் அமையும் என்று எழுதிவிட்டு, அந்த இரண்டு புள்ளிகளும் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை விட்டுவிடுவார்கள். அந்த ஒரு சொற்றொடர் இல்லாவிட்டால் வாக்கியமே தவறு.

செல்லப்பெயர் வைப்பது

மையக்கோணப் படத்துக்கு ‘அம்புமுனை’, ஒரே வட்டத்துண்டில் உள்ள சம கோணங்களுக்கு ‘வண்ணத்துப்பூச்சி’, வெளிப்புள்ளியிலிருந்து வரும் இரு தொடுகோடுகளும் இரு ஆரங்களும் சேர்ந்தால் ‘பட்டம்’ என்று பெயர் வைத்துப் படிக்கும் பழக்கம் டியூஷன்களில் உண்டு. வாசகத்தைவிட இது ஒரு படி மேல், ஏனென்றால் நினைவு படத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பட்டம் என்ற பெயர் நன்றாகவே உழைக்கும். தொடுகோடுகள் சமம், ஆரங்கள் சமம், இரு ஓரங்களில் செங்கோணம், நடுக்கோடு கோணத்தை இரண்டாகப் பிரிக்கிறது எனப் பல செய்திகள் ஒரே உருவத்தில் அடங்கும்.

அம்புமுனைதான் காலை வாரும். பெரிய வில்லில் உள்ள புள்ளியை நாணின் ஒரு முனைக்கு அருகே நகர்த்திப் பாருங்கள். கோணத்தின் ஒரு கை ஓர் ஆரத்தைக் குறுக்கே வெட்டிப் போகும், மையம் கோணத்துக்கு வெளியே தள்ளப்படும், அம்புமுனை உருவமே காணாமல் போகும். தேற்றமோ அப்படியே உண்மையாக இருக்கும். உருவத்தை மட்டும் நம்பியவர் ‘இது வேறு ஏதோ’ என்று நின்றுவிடுவார். பக்கவாட்டில் திருப்பி வரைந்த படத்திலும் இதே கதிதான்.

நிரூபண வழி

என் தேர்வு இதுதான். ஆரம்பத்தில் மெதுவாக இருக்கும், முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் எதையும் படித்த மாதிரியே தோன்றாது. ஆனால் டஜன் தேற்றங்கள் என்ற சுமை இரண்டே வேர்களாகச் சுருங்கும். முதல் வேர்: ஒரே வட்டத்தின் இரண்டு ஆரங்கள் சேர்ந்தால் இருசமபக்க முக்கோணம். இரண்டாவது வேர்: மையத்திலிருந்து ஒரு செங்குத்து இறங்கினால் செங்கோண முக்கோணம்.

முதல் வேரிலிருந்து மையக்கோணத் தேற்றம் எப்படி வருகிறது என்று எண்களோடு பார்க்கலாம். ப பெரிய வில்லில் இருக்கட்டும். ப-வையும் ம-வையும் இணைத்து, ம-வைத் தாண்டி எதிர்ப்பக்கம் ட வரை நீட்டுங்கள். மப, மக இரண்டும் ஆரங்கள். ∠மபக = 30° என்றால் ∠மகப-வும் 30°. எனவே வெளிக்கோணம் ∠கமட = 60°. மறுபக்கம் ∠மபச = 25° என்றால் ∠சமட = 50°. கூட்டினால் ப-வில் 55°, ம-வில் 110°. இருமடங்கு என்பது வெளிக்கோணத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான். மையம் கோணத்துக்கு வெளியே விழுந்தால் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். செல்லப்பெயர் கைவிட்ட இடத்தில் இந்த வழி கைவிடாது.

இப்போது நம் சோதனைக் கணக்கு. ப சிறிய வில்லில் இருக்கிறது. அதே போல் பம-வை நீட்டினால் ட பெரிய வில்லில் போய் விழும். அப்படியானால் ∠கமட, ∠சமட இரண்டையும் கூட்டினால் கிடைப்பது 140° அல்ல, அதன் மறுபக்கமான 220° என்பது படத்திலேயே தெரியும். பாதி 110°. ‘பின்வளைகோணத்தை எடு’ என்று தனியாக ஒரு விதியை நினைவில் வைக்கத் தேவையே இல்லை.

இங்கிருந்து மற்றவை வரிசையாக இறங்கும். மையக்கோணம் 180° ஆனால் அரைவட்டக்கோணம் 90°. ஒரே வில்லுக்கு மையக்கோணம் ஒன்றுதான், ஆகவே அதே துண்டில் உள்ள எல்லாக் கோணங்களும் அதன் பாதி, அதாவது சமம். வட்ட நாற்கரத்தின் இரண்டு எதிர்முனைகளுக்கு உரிய மையக்கோணங்கள் சேர்ந்து 360°, ஆகவே எதிர்க்கோணங்கள் சேர்ந்து 180°. யூக்ளிடின் ‘எலிமெண்ட்ஸ்’ மூன்றாம் நூலிலும் இதே வரிசைதான்: 20-ஆம் கூற்று மையக்கோணம், 21 ஒரே துண்டுக் கோணங்கள், 22 வட்ட நாற்கரம். அடுத்தடுத்து வைத்ததற்குக் காரணம் ஒன்று மற்றொன்றைப் பெற்றுத் தருகிறது என்பதே.

மாற்று வட்டத்துண்டுத் தேற்றம்தான் பலருக்கும் பயம் தருவது. எந்தக் கோணம் எதற்குச் சமம் என்ற குழப்பம் அது. க-வில் தொடுகோடு, கச என்ற நாண், இடையில் 55° என்று வையுங்கள். ஆரம் மக தொடுகோட்டுக்குச் செங்குத்து, எனவே ∠மகச = 35°. இருசமபக்கம் என்பதால் ∠மசக-வும் 35°. மையத்தில் 110°. 55° விழுந்த பக்கத்துக்கு எதிரே, நாணுக்கு அப்பால் உள்ள துண்டில் அதன் பாதி 55°. இந்த நான்கு வரிகளை ஒருமுறை கையால் எழுதியவருக்கு, சமமான கோணம் கச என்ற நாணை எதிர்நோக்கி நிற்கும் கோணம்தான் என்பதில் சந்தேகம் வராது. வாசகத்தை நம்புபவர்கள் முக்கோணத்தில் பக்கத்திலுள்ள கோணத்தில் 55° போட்டுவிடுவார்கள்.

இரண்டாவது வேர் எளிது, சீக்கிரம் முடிந்துவிடும். ஆரம் 13 செ.மீ., நாண் 24 செ.மீ. என்றால் செங்குத்து நாணைச் சமமாக வெட்டும், 13, 12, 5 என்ற முக்கோணம் கிடைக்கும், மையத்திலிருந்து தூரம் 5 செ.மீ. சம நாண்கள் சம தூரத்தில் இருப்பதும், வெளிப்புள்ளியிலிருந்து வரையும் தொடுகோடுகள் சமமாக இருப்பதும் இதே செங்கோண முக்கோணச் சர்வசமம்தான். ஆரம் தொடுகோட்டுக்கு ஏன் செங்குத்து என்றால், தொடுகோட்டில் தொடுபுள்ளி தவிர மற்ற எல்லாப் புள்ளிகளும் வட்டத்துக்கு வெளியே இருப்பதால் மையத்துக்கு மிக அருகில் இருப்பது தொடுபுள்ளிதான். ஒரு கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் செங்குத்துத் தூரம்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். தேர்வு நேரத்தில் ஒவ்வொன்றையும் வேரிலிருந்து கிளப்பிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். நிரூபணத்தை வரிவரியாக மனப்பாடம் செய்தால் பயனும் போய்விடும், அது வாசக மனப்பாடத்தின் நீளமான வடிவம்தான்.

காம்பஸா, ஜியோஜீப்ராவா?

தாளில் வரைந்து பாகைமானியால் அளப்பவர்கள் ஆரத்தைக் குறைந்தது 5 செ.மீ. எடுக்க வேண்டும். 2 செ.மீ. வட்டத்தில் கோணத்தின் கைகள் பாகைமானியின் விளிம்பையே தொடாது, கண்ணால் ஊகித்துப் படிக்க வேண்டிவரும். கைகளை வட்டத்துக்கு வெளியே நீட்டிவிட்டு அளந்தால் சரியாகும். அப்படியும் எதிர்க்கோணங்களின் கூடுதல் 179° அல்லது 181° வரலாம். பென்சில் கோட்டின் தடிமனுக்கும் வாசிப்புப் பிழைக்கும் உரிய வித்தியாசம் அது, அதைத் திருத்தி 180° என்று எழுதக் கூடாது.

கையால் செய்வதில் எனக்குப் பிடித்த ஒன்று: தட்டை வைத்து ஒரு வட்டம் வரையுங்கள், மையம் தெரியாது. அஞ்சலட்டையின் ஒரு மூலையை வட்டத்தின் மேல் வைத்து, அதன் இரு ஓரங்களும் வட்டத்தை வெட்டும் இடங்களைக் குறித்து இணையுங்கள், அது விட்டம். மூலையை இன்னோர் இடத்தில் வைத்து மறுபடி செய்தால் இரண்டு விட்டங்கள் வெட்டும் இடம் மையம். அரைவட்டக்கோணத்தின் மறுதலை இதற்குப் பிறகு மறக்காது.

ஜியோஜீப்ரா இலவச மென்பொருள், கைப்பேசியிலும் ஓடும். தாளில் முடியாத ஒன்றை இது செய்யும்: புள்ளியை இழுத்தால் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று காட்டும். நம் படத்தை வரைந்து ப-வைப் பெரிய வில்லில் எங்கே இழுத்தாலும் 70° அசையாது. க-வைத் தாண்டிச் சிறிய வில்லுக்குள் நுழைந்ததும் 110° ஆகும். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ப-வை வட்டத்தின் மேலேயே சொடுக்கி உருவாக்க வேண்டும். பக்கத்தில் சொடுக்கினால் அது தனிப்புள்ளி, இழுத்ததும் வட்டத்தை விட்டு ஓடிவிடும். அடுத்து, கோணக் கருவி இடஞ்சுழியாக அளக்கும். புள்ளிகளைச் சொடுக்கும் வரிசை மாறினால் 70°க்குப் பதில் 290° காட்டும், ப சிறிய வில்லுக்குப் போனால் 110°க்குப் பதில் 250° வரலாம். கோணத்தின் பண்புகளில் 0° முதல் 180° வரை என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

புரிய வைப்பதில் ஜியோஜீப்ராவுக்கு முதலிடம், நினைவில் நிறுத்துவதில் கடைசி இடம். இழுத்துப் பார்க்கும்போது மூளை எதையும் தேடி எடுப்பதில்லை, திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இழுப்பதற்கு முன் வரப்போகும் எண்ணைத் தாளில் எழுதிவிட்டு இழுத்தால் இந்தக் குறை பாதி தீரும்.

அட்டைகள்

அட்டையின் முன்பக்கம் தேற்றத்தின் பெயரும் பின்பக்கம் வாசகமும் என்றால் அது பழைய மனப்பாடம்தான். முன்பக்கம் ஒரு படம், ஒரு கோணம், ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கட்டும். பின்பக்கம் விடை, காரணம், நிபந்தனை. ஒவ்வொரு தேற்றத்துக்கும் இரண்டு அட்டைகள், இரண்டாவதில் படத்தைத் திருப்பி வரையுங்கள். மையத்தை ஒரு முனையாகக் கொண்ட நாற்கரம் போன்ற பொறி அட்டைகள் நான்கைந்து கட்டாயம் வேண்டும். மறுநாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள் என்று எடுத்துப் பார்த்தால் போதும். தவறிய அட்டைக்கு விடையைப் படித்துவிட்டு மூடாமல், வேரிலிருந்து ஒருமுறை கொண்டுவந்து எழுத வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் பாடம் இப்போதுதான் தொடங்குகிறது என்றால் காம்பஸும் நிரூபண வழியும், மாதம் ஒருமுறை அட்டையும் போதும். ஜியோஜீப்ரா ஓரிரு மணி நேரத்துக்கு மேல் தேவையில்லை. தேர்வுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்பவர்கள் மென்பொருள் பக்கமே போக வேண்டாம். முதல் வேரை ஒரு நாள் எழுதிப் பாருங்கள், மீதி நாள் படஅட்டை. ஒலிம்பியாட், ஜேஇஇ என்று போகிறவர்களுக்கு நிரூபண வழி தவிர வேறு வழி இல்லை, அங்கே படத்தில் வட்டமே வரைந்திருக்காது.

பத்தாம் வகுப்பின் 8 மதிப்பெண் வரைகணக்கிலும் இந்த வித்தியாசம் தெரியும். அடிப்பக்கம் கச = 8 செ.மீ., உச்சிக்கோணம் 60°, உச்சியிலிருந்து நடுக்கோடு 6 செ.மீ. என்று கொடுத்தால், க-வில் அடிப்பக்கத்துக்குக் கீழே 60°-இல் ஒரு கதிர், அந்தக் கதிருக்கு க-வில் ஒரு செங்குத்து, கச-வின் மையக்குத்துக்கோடு, இரண்டும் வெட்டும் இடம் ம. மக ஆரத்தில் வட்டம் போட்டு, கச-வின் நடுப்புள்ளியிலிருந்து 6 செ.மீ. வில் வெட்டினால் உச்சி. படிகளை மனப்பாடம் செய்தவர் கதிரை எந்தப் பக்கம் போடுவது என்பதில் தடுமாறுவார். அந்தக் கதிர்தான் தொடுகோடு, இது மாற்று வட்டத்துண்டுத் தேற்றம் என்று அறிந்தவருக்கு உச்சிக்கோணம் 120° ஆகி மையம் கீழே இறங்கினாலும் குழப்பம் இல்லை. வரைந்து முடித்ததும் ஆரத்தை அளவுகோலில் பாருங்கள். 8-ஐ √3-ஆல் வகுத்தால் 4.62, ஆகவே 4.6 செ.மீ. இருக்க வேண்டும். 4.9 வந்தால் கதிர் 55°-இல் விழுந்திருக்கிறது, 4.4 வந்தால் 65°-இல்.