10 அடி 6 அங்குலக் காற்றுப் பலகை: கடற்கரை விடுமுறைக்குத் தாங்குமா?

நின்றபடி துடுப்பு போடும் காற்றுப் பலகை, அதாவது ஸ்டாண்ட்-அப் பேடில் போர்டு, எந்த முத்திரையில் வந்தாலும் பெட்டிக்குள் இருப்பது கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். 10 அடி 6 அங்குல நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குலக் கனத்தில் ஒரு பலகை. கூடவே மூன்று துண்டு அலுமினியத் துடுப்பு, கைப் பம்ப், அடியில் கழற்றி மாட்டும் ஃபின் (பலகையை நேராகப் போகவைக்கும் சிறகு), சுருள் லீஷ் (ஆளையும் பலகையையும் இணைக்கும் கயிறு), முதுகில் மாட்டும் பை. பலகை நல்ல பொருள். கூட வரும் சாமான்களில் பாதி அப்படியில்லை. ஆடுகிறது, நடுவில் வளைகிறது, காற்று இறங்குகிறது, நேராகப் போக மறுக்கிறது என்று பலகையின் தலையில் ஏற்றப்படும் குறைகளில் பெரும்பாலானவை பம்பிலும் ஃபின்னிலும் வெயிலிலும் இருந்து வருபவை.

முதலில் பலகை. உள்ளே இருப்பது வெறும் காற்றுப்பை அல்ல. மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான பாலியெஸ்டர் நூல்கள் ஒரே நீளத்தில் கோக்கப்பட்டிருக்கும். காற்று ஏற ஏற இரண்டு துணியும் விலகப் பார்க்கும், நூல் விடாது. அதனால்தான் உருண்டு உப்பாமல் தட்டையாக நிற்கிறது. டிராப்-ஸ்டிட்ச் என்று இதற்குப் பெயர். 1950களில் குட்இயர் நிறுவனம் இதே வகைத் துணியில் இன்ஃப்ளேட்டோபிளேன் என்று காற்றடைத்த சிறு விமானத்தையே செய்து பறக்கவிட்டது. ஓர் ஆள் ஏறி நிற்பது அதற்குப் பெரிய சோதனை இல்லை.

இந்த அளவுப் பலகையின் கொள்ளளவு 300 லிட்டர் அளவில் வரும். 300 லிட்டர் என்றால் 300 கிலோ மிதக்கும் என்பது கணக்குக்குச் சரி, நிற்பதற்குச் சரியில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே பலகை தாழ்ந்து, பக்கவாட்டு அலை ஒவ்வொன்றும் மேலே ஏறும். 90 கிலோவுக்கு மேல் இருப்பவர்களும், முன்னால் ஒரு குழந்தையை உட்கார வைக்க நினைப்பவர்களும் 11 அடிக்கு மேல், 33 அல்லது 34 அங்குல அகலத்தில் பார்ப்பது நல்லது. 4 அங்குலக் கனப் பலகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பெரியவர்களுக்கு வேண்டாம். நடு வளைந்து, முனையும் வாலும் மேலே தூக்கிக்கொள்ளும்.

ஒற்றைப் படலம், ஃப்யூஷன், இரட்டைப் படலம் என்று மூன்று தரம் உண்டு. ஒற்றைப் படலத்தில் நூல் கோத்த துணிமேல் ஒரே ஒரு பிவிசி பூச்சு. இலேசானது, ஆனால் சீக்கிரம் மடிப்பு விழும். இரட்டைப் படலத்தில் இன்னொரு பிவிசி தாளைக் கையால் பசை தடவி ஒட்டுவார்கள். உறுதிதான், கனமும் கூடும். ஃப்யூஷனில் அந்த இரண்டாவது தாள் இயந்திரத்தில் சூடாக்கி ஒன்றாக்கப்படுகிறது. பசை குறைவு, கனமும் குறைவு. நடுத்தரச் செலவில் ஃப்யூஷனே நம் தேர்வு. ஆனால் விளம்பரத்தில் படலத்தைப் பற்றி எழுதியிருக்கும் அளவுக்கு ஓரத் தையலைப் பற்றி எழுத மாட்டார்கள். பலகை பழுதாவது பெரும்பாலும் அங்கேதான். ஓரப் பட்டையை விரலால் நெடுக வருடிப் பாருங்கள். பசை வழிந்த திட்டுகள், சுருக்கம், நகம் நுழையும் இடைவெளி தெரிந்தால் அதை எடுக்காதீர்கள்.

இனி அழுத்தம். இந்தப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை சொல்லியிருப்பார்கள். 8 பிஎஸ்ஐயிலேயே விரலால் தட்டினால் கல் மாதிரி இருக்கும். போதும் என்று நிறுத்திவிடுவார்கள். தண்ணீரில் ஏறியதும் கால் வைத்த இடம் குழியும், பலகை நெளியும், நிற்பவர் தன் கால் நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்வார். அச்சிட்ட அளவுக்கு முழுதாக அடித்தால் அதே பலகை வேறு பலகையாகிவிடும்.

அப்படி அடிக்க முடியாமல் போவதற்குக் காரணம் கைப் பம்ப். ஒரு சின்னக் கணக்கு: 6 செ.மீ. விட்டமுள்ள உருளையில் 15 பிஎஸ்ஐக்கு எதிராகத் தள்ள ஏறக்குறைய 30 கிலோ அழுத்தம் வேண்டும். உருளை 10 செ.மீ. விட்டமாக இருந்தால் அது 80 கிலோவைத் தாண்டும். 60 கிலோ எடையுள்ளவர் முழு உடம்பையும் சாய்த்தாலும் பிடி இறங்காது. பருத்த பம்ப் சீக்கிரம் நிரப்பும் என்பது முதல் பாதிக்கு மட்டும் உண்மை. மேலே இழுக்கும்போதும் கீழே தள்ளும்போதும் காற்றை அனுப்பும் இரட்டை வீச்சுப் பம்ப் என்றால், 7 அல்லது 8 பிஎஸ்ஐ வந்ததும் குமிழைத் திருப்பி ஒற்றை வீச்சுக்கு மாற்றிவிடுங்கள். ஆரம்பத்தில் முள் அசையாததைப் பார்த்து அளவி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பலகை வடிவத்துக்கு வந்த பிறகே அது நகரத் தொடங்கும்.

12 வோல்ட் மின் பம்ப் தனியாக வாங்கத் தகுந்தது. முதலில் அதிகக் காற்று, பிறகு அதிக அழுத்தம் என்று இரண்டு கட்டமாக ஓடி, வைத்த அளவில் தானே நின்றுவிடும். காரின் லைட்டர் துளையில் செருகும்போது எஞ்சின் ஓடட்டும், அந்தத் துளையின் ஃபியூஸ் பம்ப் இழுக்கும் ஆம்பியரைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பலகையை அடுத்தடுத்து அடித்தால் பம்ப் சூடேறி நடுவில் நிற்கும், இடையே ஆறவிட வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர் இதற்கு ஆகாது. அது தரும் காற்றின் அளவு அற்பம், பலகை நிரம்புவதற்குள் அதன் மோட்டார் வெந்துவிடும். பட்டறைக் கம்ப்ரஸர் அதற்கு நேரெதிர்: கண் இமைப்பதற்குள் அளவைத் தாண்டித் தையலைப் பிளக்கும்.

வால்வில் ஒரே ஒரு நுணுக்கம். நடுவில் உள்ள ஸ்பிரிங் ஊசி மேலே எழும்பி நின்றால் காற்று உள்ளே மட்டும் போகும். அழுத்தித் திருப்பிக் கீழே பூட்டியிருந்தால் இரண்டு பக்கமும் திறப்பு. ஊசி கீழே இருக்கும்போது காற்றடித்து முடித்துக் குழாயைக் கழற்றினால் அத்தனை உழைப்பும் ஒரு பெருமூச்சில் வெளியே போய்விடும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மணலைத் துடையுங்கள். ஒரு மணல் துகள் ரப்பர் வளையத்தில் உட்கார்ந்தாலே மெல்லிய கசிவு ஆரம்பமாகும். சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். வால்வின் விளிம்பில் வந்தால் பெட்டியில் உள்ள வால்வுச் சாவியால் இறுக்கினால் போதும்.

வெயில்தான் சூரியக் கடற்கரைகளில் இந்தப் பலகையின் முதல் எதிரி. 25 டிகிரியில் 15 பிஎஸ்ஐ அடித்த பலகையைக் கரையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், உள்ளே காற்று 60 டிகிரிக்குச் சூடேறும்போது அழுத்தம் 18.5 பிஎஸ்ஐக்கு வரும். அதே சூட்டில் தையல் பசையும் இளகும். இரண்டும் சேர்ந்தால் ஓரம் பிரியும். தண்ணீரில் கிடக்கும் பலகைக்கு இந்த ஆபத்து குறைவு, அடிப்பக்கம் குளிர்ந்துகொண்டே இருக்கும். கரையில் வைப்பதானால் நிழல் வேண்டும். நிழல் இல்லையென்றால் ஊசியை ஓரிரு முறை தட்டி 10 பிஎஸ்ஐக்கு இறக்கிவிடுங்கள். தலைகீழான குழப்பமும் உண்டு: 40 டிகிரி வெயிலில் 15 அடித்த பலகை 26 டிகிரிக் கடல்நீரில் இறங்கியதும் 13.7 அளவுக்கு இறங்கும். ஓட்டை என்று திருப்பி அனுப்பப்படும் பலகைகளில் சில இந்தக் கணக்கில் அடிபட்டவை. தண்ணீரில் கால் மணி நேரம் கிடந்த பிறகு அளந்து, குறைந்ததை நிரப்பிக்கொண்டால் தீர்ந்தது.

ஃபின் இல்லாமல் துடுப்பு போட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் பலகை எதிர்ப்பக்கம் திரும்பும். பின்னால் வளைந்த முனை வாலை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டியவர்களைக் கரையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். யூஎஸ் பாக்ஸ் வகையில், அதாவது ஃபின்னைக் காடிக்குள் நகர்த்தித் திருகி இறுக்கும் வகையில், எம்4 (4 மி.மீ.) திருகும் சிறு தகடும் மணலில் விழுந்தால் போனதுதான், உபரியாக ஒரு ஜோடி பைக்குள் இருக்கட்டும். பக்கத்து இரண்டு சிறு ஃபின்கள் பைக்குள் நசுங்கி வளைந்திருந்தால் சூடான நீரை ஊற்றி, நேராகப் பிடித்து, குளிர்ந்த நீரில் நனையுங்கள். முழங்கால் ஆழம் வரும் வரை ஏற வேண்டாம். ஃபின் மணலில் தட்டினால் பலகை நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டார்.

துடுப்பை உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 செ.மீ. கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தகடு முன்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். குழம்பு கரண்டியைப் போல உள்பக்கம் நீரை அள்ளும்படி பிடிப்பது தவறான பிடி. இலவசமாக வரும் அலுமினியத் துடுப்பு ஒரு மணி நேரத்துக்குப் பரவாயில்லை, அதற்கு மேல் தோள் பேசும். உப்பும் மணலும் இணைப்பில் தங்கினால் குழாய்கள் ஒன்றோடொன்று இறுகிப்போகும். ஒவ்வொரு முறையும் பிரித்து நன்னீரில் கழுவுங்கள். மிதக்குமா என்பதைக் கரையோரமே போட்டுப் பாருங்கள். மூட்டு வழியாக நீர் ஏறினால் சில மூழ்கும்.

லீஷில் செட்டுக்காரர்கள் காட்டும் சிக்கனம் யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவதுதான். கடலில் உங்களையும் பலகையையும் இணைப்பது அது ஒன்றே. சுழல் மூட்டு துருவேறியிருந்தாலும், மணல் புகுந்து வெல்க்ரோ பட்டை பிடிக்காவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அமைதியான நீருக்குச் சுருள் லீஷ், அலை உடையும் இடத்துக்கு நேர் லீஷ். நீரோட்டம் வேகமாக ஓடும் முகத்துவாரத்திலும், நங்கூரக் கயிறும் தூண்களும் உள்ள இடத்திலும் கணுக்கால் லீஷ் எதிலாவது சிக்கினால் ஆளை நீருக்கடியில் பிடித்துவைத்துவிடும். அங்கே இழுத்தவுடன் கழலும் இடுப்புப் பட்டை லீஷ்தான்.

இந்தப் பலகையின் உண்மையான எல்லை காற்று. 15 செ.மீ. கனத்தில் நீருக்கு மேலே மிதப்பதாலும், மேலே நிற்பவர் பாயைப் போல நிற்பதாலும், ஒரே நீளமுள்ள கெட்டிப் பலகையைவிட இது அதிகம் தள்ளப்படும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. பழகாதவரின் வேகம் மணிக்கு 4 அல்லது 5 கி.மீ. தான். மணிக்கு 18 கி.மீ. (10 நாட்) தாண்டிய காற்றில் புதியவர் இறங்கக் கூடாது. அலை முகடுகளில் வெள்ளை நுரை ஆங்காங்கே தெரிய ஆரம்பித்தால் அந்த எல்லை வந்துவிட்டதென்று எடுத்துக்கொள்ளலாம்.

வெயில் நாட்களில் தரை சூடேறியதும் முற்பகல் கடந்து கடற்காற்று எழும்பும். அது கரையை நோக்கித் தள்ளுவதால் சிரமமே தவிர ஆபத்து குறைவு. பயப்பட வேண்டியது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுக்கு. கரையோரத்தில் நீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அழைக்கும். நூறு மீட்டர் தாண்டியதும் கரையின் மறைவு விலகி, திரும்ப முடியாமல் போகும். எப்போதும் முதலில் காற்றுக்கு எதிராகப் போய்விட்டு, களைத்த கையோடு காற்றோடு திரும்புங்கள். மாட்டிக்கொண்டால் நிற்காதீர்கள். மண்டியிடுங்கள், போதாவிட்டால் துடுப்பை உடம்புக்கு அடியில் வைத்துக் குப்புறப் படுத்து இரு கையாலும் நீரைத் தள்ளுங்கள். உயிர்காப்புச் சட்டையும் ஊதலும் செட்டில் வராது. அவற்றைப் பலகைக்கு முன்னால் வாங்க வேண்டும்.

சில செட்டுகளில் கயாக் இருக்கை ஒன்று சேர்த்துத் தருகிறார்கள். பலகையில் உள்ள டி வடிவ வளையங்கள் பொருந்துமானால் எடுத்துக்கொள்ளலாம். உட்கார்ந்து இரட்டை முனைத் துடுப்பு போட்டால் காற்றில் இழுபடுவது பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும். முதுகுச் சாய்வு மட்டும் எதிலும் உருப்படியாக இல்லை.

சுருட்டுவதில் அவசரம் காட்டாதீர்கள். நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வால்வு இல்லாத முனையிலிருந்து தளர்வாகச் சுருட்டுங்கள். ஈரத்தோடு பைக்குள் போனால் கால் வைக்கும் ஈவிஏ நுரைப் பாய்க்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். ஓட்டை ஒட்டும் பெட்டியில் பிவிசி துண்டுகள் இருக்கும், பசை பல நேரம் இருக்காது, தீப்பற்றும் பொருள் என்று விட்டுவிடுவார்கள். பிவிசிக்கென்றே உள்ள பசையை ஊர் கிளம்பும் முன்பே வாங்கிவையுங்கள். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 செ.மீ. கூடுதலாக, மூலை உருட்டி வெட்டிய துண்டு. பலகையில் காற்று இருக்கக் கூடாது. இரண்டு பரப்பையும் அசிட்டோனால் துடைத்து, மெல்லிய பூச்சு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 நிமிட இடைவெளி, கை ஒட்டும் பதத்தில் அழுத்தி, மேலே பாரம் வைத்து 24 மணி நேரம். விடுமுறையில் ஒரு முழுநாள் இதற்குப் போகும் என்பதால் சிப்பி ஒட்டிய பாறைகள் உள்ள இடத்தில் இறங்கி ஏறும்போது பலகையை இழுக்காமல் தூக்கிச் செல்லுங்கள்.